ஒரு நாற்காலி மவுஸுக்கு, ஒரு நாற்காலி கீபோர்டுக்கு

செய்தியை பஸ்ஸில் கொடுத்தனுப்பிய காலம் முடிந்து, மின்னஞ்சலில் அனுப்பச் சொன்ன காலம் தொடங்கியபோது, நான் ஆம்பூரில் ஒரு தமிழ் நாளிதழின் பகுதிநேர நிருபராக இருந்தேன். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியிருக்கும். அதுவரை எழுதியதைக் கவரில் போட்டு வேலூர் போகும் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால் என் வேலை முடிந்தது. இப்போது பிரவுசிங் சென்டருக்குப் போய், தட்டச்சு செய்து, அனுப்பிவிட்டு, அலுவலகத்துக்குப் போன் போட்டு "கிடைச்சிதா?" என்று கேட்க வேண்டும். பாதி நாட்கள் "கட்டம் கட்டமா வந்திருக்குங்க" என்பார்கள். அங்கே ஓர் எழுத்துரு, இங்கே ஓர் எழுத்துரு. மறுபடி அனுப்பி, மறுபடி காத்திருக்க வேண்டும்.

அனுப்பியவை பெரும்பாலும் மூன்று வகைச் செய்திகள்தான். நெடுஞ்சாலையில் விபத்து, பாலாற்றில் கழிவுநீர், குடிநீர் கேட்டுச் சாலை மறியல். ஊரையும் கிழமையையும் மாற்றினால் போன மாதச் செய்தி இந்த மாதத்துக்கும் ஆகும். சில நாட்கள் அப்படித்தான் செய்தேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அந்தக் காத்திருப்பில், எனக்கு முன்னால் நடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆர்வத்தால் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. வேறு பார்க்க எதுவும் இல்லை.

சென்டர், ஷூ தைக்கும் நூலும் பசை டின்களும் விற்கும் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்தது. படியில் பசை வாடை, மேலே போனால் சூடான மானிட்டர்களின் வாடை. கதவோரம் இருந்த மெஷினில் மட்டும் இன்டர்நெட். மற்றவை எல்லாம் விளையாட்டுக்கு. மின்சாரம் போனால் எல்லா மெஷின்களின் அடியிலிருந்தும் யுபிஎஸ் பெட்டிகள் ஒன்றாகக் கத்தத் தொடங்கும். அப்போது மட்டும் எல்லோரும் ஒரு கணம் தலையைத் தூக்கி ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள்.

அதை நடத்தியவர் முன்பு ஒரு தோல் தொழிற்சாலையில் ஏற்றுமதிக் குமாஸ்தாவாக இருந்தவர். கழிவுநீரைச் சுத்திகரிக்க வசதி இல்லை என்று அந்தத் தொழிற்சாலையை மூடியபோது வேலை போனது. நாற்பதைத் தாண்டியிருந்தார். மனைவி வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ரயிலில் போய் இரவு திரும்புவார். இவர் ஞாயிறு காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு மதியம்தான் கடை திறப்பார். இந்துவோ முஸ்லிமோ, வருகிறவர்கள் எல்லோரும் அவரை "பிரதர்" என்றே கூப்பிட்டார்கள்.

முதல் நாள் அந்தச் சென்டரில் நான் கவனித்தது, ஒவ்வொரு மெஷினுக்கு முன்னாலும் இரண்டு நாற்காலிகள் இருந்ததைத்தான். ஒருவர் வலது கையால் மவுஸைப் பிடித்திருப்பார். இன்னொருவர் இரண்டு கைகளையும் கீபோர்டில் வைத்திருப்பார். திரையில் ஒரே ஓர் ஆள்தான். அந்த ஆளின் முகத்தைப் பார்க்க முடியாது. அடியில் ஒரு கையும் துப்பாக்கியும் மட்டும் தெரியும். அவன் கண்ணால் பார்த்தபடி ஒரு சுரங்கத்துக்குள் போய், எதிரே வருகிறதையெல்லாம் சுட வேண்டும். மவுஸ்காரர் பார்த்துச் சுடுவார். கீபோர்டுகாரர் நடப்பார், ஓடுவார், குதிப்பார், குனிவார், கதவைத் திறப்பார்.

"லெப்டு, லெப்டு... டேய் லெப்டுடா!"

"போய்க்கினுதான் இருக்குறேன். நீ முதல்ல திரும்பு."

"குனி! குனி! போச்சு. செத்துட்டோம்."

எல்லாவற்றிலும் பன்மைதான். "செத்துட்டோம்", "உழுந்துட்டோம்", "முடிச்சிட்டோம்." அது ஒருவர் தனியாக ஆடுவதற்காகச் செய்யப்பட்ட விளையாட்டு என்பது எனக்குப் பல மாதங்கள் கழித்து, சென்னையில் ஒரு நண்பர் வீட்டில் அவர் மகள் ஒற்றை ஆளாக ஆடியதைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எங்கள் ஊரில் அதை யாரும் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. தொழிற்சாலையில் பெரிய மெஷின் எதையும் ஒருவர் தனியாக ஓட்டுவதில்லை. ஒரு பக்கம் ஒருவர் தோலை விட்டால் மறு பக்கம் ஒருவர் இழுப்பார். முதன்முதலில் வந்த இரண்டு பேர் அப்படி உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னால் வந்தவர்கள் அவர்களைப் பார்த்து உட்கார்ந்தார்கள். பிரதரும் இரண்டிரண்டு நாற்காலியாக வாங்கிப் போட்டுவிட்டார்.

காசு கொடுப்பவருக்கு மவுஸ் என்பது ஒழுங்கு. ஆகவே அது மரியாதைக்குரிய நாற்காலி. தோல் மண்டி வைத்திருப்பவரின் மகன், சூப்பர்வைசர், வாணியம்பாடியில் கல்லூரியில் படிப்பவன், இவர்கள் மவுஸ். கூட வந்தவர் கீபோர்டு. சில தொழிற்சாலைகளுக்கு வெள்ளி விடுமுறை, சிலவற்றுக்கு ஞாயிறு. எனவே வெள்ளிக்கிழமை ஜோடிகள் வேறு, ஞாயிற்றுக்கிழமை ஜோடிகள் வேறு.

வெள்ளிக்கிழமை ஜோடிகளில் எனக்கு நன்றாகப் பழக்கமானது ஒன்று. இரண்டு பேரும் ஒரே ஷூ கம்பெனியில், தோல் வெட்டும் பிரிவில் இருந்தார்கள். மவுஸ் பிடித்தவர் அந்தப் பிரிவின் சூப்பர்வைசர். பேரணாம்பட்டுக்காரர், வீட்டில் உருது, வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும். கீபோர்டு பிடித்தவர் அவர் பிரிவிலேயே தோலை விரித்துக் கொடுக்கும் ஹெல்பர். இருபத்தைந்து வயதிருக்கும், மெலிந்த ஆள், பத்தாவது முடித்துவிட்டு வேலைக்கு வந்தவர். ஹெல்பர் அவரை "பாய்" என்பார், சூப்பர்வைசர் இவரை "தோஸ்த்" என்பார். கம்பெனிக்குள் தோஸ்த் என்று கூப்பிடுவாரா என்று நான் கேட்டதில்லை.

சுரங்கத்தை எல்லோரும் முடித்துவிட்டார்கள். பிறகு இரண்டாம் முறை முடித்தார்கள், பிறகு எந்தத் திருப்பத்தில் எது வரும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு முடித்தார்கள். கூட்டம் குறையத் தொடங்கியது. அதே சமயத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக ஒரு சென்டர் வந்தது. அங்கே மெஷின்களை ஒன்றோடொன்று இணைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு மெஷின், ஆளுக்கு ஒரு துப்பாக்கி, ஒருவரை ஒருவர் சுடலாம்.

பிரதரின் மனைவி அவருக்காக ஆஸ்பத்திரியில் ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். புறநோயாளிகள் பதிவுப் பிரிவில், நோயாளிகளின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. ஈஸ்டருக்கு முன் வருகிறாரா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

"அவ தப்பா ஒண்ணும் சொல்லல சார்," என்றார் என்னிடம். "ரெண்டு பேரும் ஒரே ட்ரெயின்ல போலாம், ஒரே ட்ரெயின்ல வரலாம்னு சொல்றா. ஆனா திரும்பவும் ஒருத்தருக்குக் கீழ போய் உக்காரணும். மூணு வருஷமா நான் யாருக்கும் லீவ் லெட்டர் எழுதல."

அவருக்கு ஒரே ஒரு வழி தெரிந்தது. சென்னைக்குப் போய், சுரங்கத்தின் தொடர்ச்சியாக வந்திருந்த சிடியை வாங்கி வந்தார். தனி விளையாட்டு இல்லை அது. பழையது மெஷினில் இருந்தால்தான் ஓடும். எங்கள் ஊரில் அதற்கு "எக்ஸ்ட்ரா" என்று பெயராயிற்று. எக்ஸ்ட்ரா பிடித்துக்கொண்டால் சென்டர் நிற்கும், இல்லாவிட்டால் வேலூர். கணக்கு அவ்வளவுதான். அதை அவர் மறைக்கவும் இல்லை.

எக்ஸ்ட்ராவில் அதே சுரங்கம், ஆனால் ஆள் வேறு. பழையதில் வந்தவன் பட்டாளத்துக்காரன். இதில் வருபவன் பம்ப் மெக்கானிக். சுரங்கத்தின் அடித்தளத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. அவன் கீழே இறங்கி, வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிவிட்டு, லிஃப்டைப் பிடித்து மேலே வர வேண்டும். பாதி தூரம் போன பிறகுதான் துப்பாக்கி கிடைக்கும். அதிலும் குண்டு கம்மி. இருட்டில் உலவும் ஜந்துக்களைச் சுடுவதைவிட ஒளிந்து தப்பிப்பதுதான் புத்திசாலித்தனம். ஏணி, குழாய், ஒற்றைப் பலகை, தாவல். நடுவில் ஒரு பெரிய சேற்றுத் தொட்டி. அதன் மேல் போட்ட இரும்புச் சட்டத்தில் நடந்து கடக்க வேண்டும். மேலிருந்து கொக்கிகள் ஊசலாடும்.

முதல் வாரம் கூட்டம் திரும்பியது. இரண்டாம் வாரம் கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியவில்லை. பிரதர் ஒவ்வொரு மெஷினாகப் போய், "எப்படி இருக்குது?" என்று கேட்பார். "சூப்பர் பிரதர்" என்பார்கள். எல்லோரும் அதையே சொன்னார்கள். மூன்றாம் வாரம் அவர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், நீங்க நாலு பேர்கிட்ட கேட்டு எழுதுற ஆளு. எங்கிட்ட இவங்க நிஜத்தைச் சொல்ல மாட்டேன்றாங்க. கல்யாண வீட்ல சாப்பாடு எப்படின்னு கேட்டா சொல்ற மாதிரியே சொல்றாங்க. நீங்க கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன். ஈஸ்டருக்குள்ள நான் அவகிட்ட பதில் சொல்லணும்."

மறுக்கத் தோன்றவில்லை. பட்ஜெட் பற்றிக் கருத்துக் கேட்டிருக்கிறேன், பஸ் கட்டணம் பற்றிக் கேட்டிருக்கிறேன். இதுவும் கேட்கக்கூடியதுதான்.

வெள்ளிக்கிழமை ஆட்களையும் ஞாயிற்றுக்கிழமை ஆட்களையும் படியிலும் டீக்கடையிலும் நிறுத்திக் கேட்டேன். முதலில் பேசியவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசினார்கள்.

"சுட ஆளே இல்ல சார். டார்ச் அடிச்சிக்கினு போய்க்கினே இருக்கணும். அதுக்கு நான் வாட்ச்மேன் வேலைக்கே போயிருப்பேனே," என்றார் சூப்பர்வைசர்.

"எக்ஸ்ட்ரான்னாங்க. பிரியாணில எக்ஸ்ட்ரா பீஸ் கேட்டா எலும்பை வெச்சிட்டுப் போவானே, அந்த மாதிரி இருக்குது."

"சுவரெல்லாம் அதேதான், பெயிண்டு கூட மாத்தல. தண்ணி மட்டும்தான் புதுசு." இது வாணியம்பாடி கல்லூரி மாணவன். "ஸ்டோரி ஜாஸ்தி, ஆக்‌ஷன் கம்மி" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தான்.

பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கும் இடத்தில் வேலை செய்யும் ஒருவர் மட்டும் கொஞ்சம் கோபமாகவே சொன்னார்: "தொட்டி மேல பலகையில நடக்கிறதுக்கு நான் இங்க வரணுமா? அதைத்தான் வாரம் பூரா பண்றேன். லீவு நாள்லயும் அதேவா? பேஜார் சார்."

தொட்டிகளில் விழுந்தவர்களைப் பற்றிய செய்திகளையும் அந்த மேல்மாடியிலிருந்துதான் அனுப்பியிருக்கிறேன். நான்கு வரிக்கு மேல் அவற்றுக்கு இடம் கிடைத்ததில்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் செய்தி முடிந்திருக்கும்: எக்ஸ்ட்ராவுக்கு வரவேற்பு இல்லை. ஆனால் டீக்கடையில், சூப்பர்வைசர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போன பிறகு, ஹெல்பர் தன் கிளாஸோடு என் பக்கம் நகர்ந்து வந்தார்.

"பாய் சொன்னதையே என்னோட கருத்துன்னு போட்டுடாதீங்க சார்."

"பேப்பர்ல போடறதுக்கு இல்லப்பா இது. பிரதர் கேட்டாரு."

"யார் கேட்டாலும். எனக்குப் புடிச்சிருக்குது."

"எதனால?"

அவர் டீயைக் குடித்து முடித்தார். "பழசுல நான் வண்டி மாதிரி சார். பாய் ஏறி உக்காந்துக்கினு சுடுவாரு. நல்லா ஆடுனா, 'பாய் எப்படிச் சுட்டாரு பாத்தியா'ன்னுவாங்க. யாரும் எப்படி நடந்தான்னு சொல்ல மாட்டாங்க. இதுல நான் காலை எடுத்து வெச்சாத்தான் கதையே நகருது. அந்தச் சட்டம் இருக்குது பாருங்க, தொட்டி மேல, அதுல நான் போறப்போ பாய் மூச்சு உடாம உக்காந்திருப்பாரு."

அதன் பிறகு கீபோர்டுகாரர்களைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். எல்லோருக்கும் பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒருவர் விரல் வலிக்கிறது என்றார். ஆனால் பெரும்பாலோர் சொன்னது ஒன்றுதான். "மவுஸ் புடிக்கிறவனுக்குத் தூக்கம் வருது, எனக்கு வேர்த்து ஊத்துது" என்றார் ஞாயிற்றுக்கிழமை ஆள் ஒருவர். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது புகார் இல்லை.

ஆட்டம் நன்றாக இருக்கிறதா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைப் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதைப் பிரதரிடம் சொன்னபோது அவர் முகம் தெளிந்தது.

"அப்போ பாதிப் பேருக்குப் புடிச்சிருக்குது!"

"பாதிப் பேருக்குத்தான். ஆனா எந்த சென்டருக்குப் போறதுன்னு முடிவு பண்றது மத்த பாதி."

அவர் அதைக் கேட்காதவர் போல் இரண்டு நாற்காலிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். "மாத்தி உக்காரச் சொன்னா?" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதைச் செய்து பார்த்தார். எக்ஸ்ட்ரா ஆடினால் காசு கொடுப்பவர் கீபோர்டில் உட்கார வேண்டும், அதில்தான் வேலையே இருக்கிறது என்று ஜோடி ஜோடியாகப் போய்ச் சொன்னார். சிலர் சிரித்துவிட்டு மறுத்தார்கள். சூப்பர்வைசர் ஒப்புக்கொண்டார். இடம் மாறும்போது ஹெல்பர் நாற்காலியைத் துடைப்பது போல் கையால் ஒருமுறை தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

சட்டத்தில் ஏறும் வரை ஏதோ போனது. பிறகு கொக்கி வந்தது.

"பாய், ஜம்ப்! ஜம்ப்!"

"எதுடா ஜம்ப்பு?"

"அடியில நீளமா இருக்குது பாருங்க, அது!"

தொட்டியில் விழுந்தார்கள். திரை பழுப்பாயிற்று.

"நீ நேரா பாக்கலடா."

"நேராத்தான் பாத்தேன் பாய். நீங்க லேட்டு."

மறுபடி விழுந்தார்கள். பின்னால் இரண்டு ஜோடிகள் தங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து நின்றன.

"சூப்பர்வைசர் தொட்டில உழுந்துட்டாருப்பா! சைரன் ஊதுங்க!"

"பாய், பிரேக் போடுங்க பாய்!"

சூப்பர்வைசரும் சிரித்தார். அடுத்த முறையும் சிரித்தார். அதற்கடுத்த முறை சிரிப்பு வாயில் மட்டும் இருந்தது. ஹெல்பர் பக்கத்தில் மவுஸைப் பிடித்தபடி திரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு முறை விழுந்ததும் அவர் கை, தன்னை அறியாமல், கீபோர்டை நோக்கி நீண்டது. சூப்பர்வைசர் அந்தக் கையைப் பார்த்தார். ஹெல்பர் அதை இழுத்துக்கொண்டார்.

"இன்னா பிரதர், உங்க சிஸ்டம் ரொம்ப ஸ்லோ," என்று எழுந்தார் சூப்பர்வைசர். "தட்டினா ஒரு நாள் கழிச்சுக் குதிக்குது." பின்னால் நின்றவர்களிடம் உருதுவில் ஏதோ சொன்னார், அவர்கள் விலகி வழி விட்டார்கள். நேரம் பாக்கி இருந்தது. அதைக் கேட்கவில்லை. ஹெல்பர் ஒரு கணம் தயங்கிவிட்டு அவர் பின்னால் படியிறங்கினார்.

அன்று என் செய்தி முதல் தடவையே சரியாகப் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிரதர் அந்த மெஷினின் இரண்டு நாற்காலிகளையும் பழையபடி சரிசெய்துவிட்டு வந்தார். "தப்பா போச்சு சார்," என்றார். "பெரிய ஆளைக் கீழ எறக்கினா கீழ இருக்கிறவனுக்கும் வசதிப்படல."

அதற்கடுத்த வாரத்தில் மவுஸ்காரர்கள் பலர் பஸ் ஸ்டாண்டு சென்டருக்குப் போய்விட்டார்கள். ஒரு செய்திக்காக அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார், காதில் ஹெட்போன். தன் கையாலேயே நடந்து, தன் கையாலேயே சுட்டுக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் நடந்தார். அங்கே பார்ப்பதற்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை.

பெரிய வெள்ளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை பிற்பகல். மேல்மாடியில் பிரதரும் நானும் மட்டும் இருந்தோம். அலுவலகத்திலிருந்து கட்டம் கட்டமாக வந்திருப்பதாகச் சொல்லி, மறுபடி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஹெல்பர் தனியாகப் படியேறி வந்தார்.

"பாய் எங்கப்பா?"

"பஸ் ஸ்டாண்டுல இருக்கிறாரு பிரதர். என்னையும் கூப்ட்டாரு, உனக்கும் ஒரு மெஷின் புடிச்சி வெச்சிருக்கிறேன்னாரு. நான் இதை முடிச்சிட்டு வர்றேன்னேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா மவுஸ் புடிக்க ஆளு இல்ல."

பிரதர் என்னைப் பார்த்தார். நான் தட்டச்சு செய்துகொண்டிருந்த கைகளைக் காட்டினேன். அவர் அதுவரை ஒரு முறைகூட ஆடியதில்லை. சிடி போடுவார், நேரம் பார்ப்பார், மெஷின் ஹேங் ஆகிவிட்டால் அணைத்துப் போடுவார், அவ்வளவுதான்.

"எனக்குத் தெரியாதேப்பா."

"நீங்க பாத்தா போதும் பிரதர். நான் நடக்கிறேன்."

மவுஸ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தொடக்கத்தில் திரையை ஆட்டு ஆட்டு என்று ஆட்டினார். ஹெல்பர் தலை சுற்றுகிறது என்று சிரித்தார். பிறகு மெதுவாக ஒரு நிதானம் வந்தது. நான் முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்ததால் எனக்குக் கேட்டது பேச்சு மட்டும்தான்.

"அங்க, மேல. ஏணி இருக்குது."

"பாத்துட்டேன் பிரதர். கொஞ்சம் கீழ பாருங்க, கால் எங்க வெக்கிறதுன்னு தெரியல."

"இப்போ?"

"இப்போ தெரியுது."

சூப்பர்வைசரோடு ஆடியபோது நான் கேட்ட பேச்சு இது இல்லை. யாரும் யாரையும் அதட்டவில்லை. தொட்டிக்கு வந்தபோது நான் திரும்பிப் பார்த்தேன். பிரதர் கொக்கி வருவதற்கு முன்பே அதன் பக்கம் பார்வையைத் திருப்பி "வருது" என்றார், ஹெல்பர் நின்றார். "போச்சு" என்றார், ஹெல்பர் நடந்தார். சட்டத்தின் மறு முனையில் இறங்கியதும் பிரதர் வலது கையை மவுஸிலிருந்து எடுத்து பேண்டில் துடைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அதிக தூரம் இருக்கவில்லை. சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்று குறை சொன்னவர்களும் உண்டு, அது சரிதான். கடைசி வால்வை மூடியதும் தண்ணீர்ச் சத்தம் நின்றது. லிஃப்ட் கதவு திறந்தது, ஏறினார்கள், மேலே போனது. இறுதியில் பெரிய ஜந்து எதுவும் வரவில்லை. திரையில் கொஞ்சம் வெளிச்சம் வந்து, ஆங்கிலப் பெயர்கள் கீழிருந்து மேலாக ஓடத் தொடங்கின.

"இவ்ளோதானா?" என்றார் ஹெல்பர்.

"மேல வந்துட்டோமில்ல," என்றார் பிரதர்.

பெயர்கள் ஓடி முடியும் வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஹெல்பர் எழுந்து, கையை உதறிக்கொண்டு, "வர்றேன் பிரதர், பாய் காத்துக்கினு இருப்பாரு" என்றார். பணம் எடுத்ததை வேண்டாம் என்று கையாட்டினார் பிரதர். அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது.

"எப்படி இருந்துச்சு?" என்று நான் கேட்டேன். மூன்று வாரமாக எல்லோரிடமும் கேட்டதை அவரிடம் மட்டும் கேட்டிருக்கவில்லை.

அவர் யோசித்தார். "நல்லா இருக்குது சார். நிஜமாவே நல்லா இருக்குது. எதுக்குடா இத்தனை பேர் திட்டுறாங்கன்னு இருக்குது." மானிட்டரை ஒரு முறை தடவினார், தூசி பார்ப்பது போல. "ஆனா ஆளைக் கூட்டாது. இதை ரெண்டு பேர் பொறுமையா உக்காந்து ஆடணும். அப்படி வர்றவங்களை வெச்சி மாடி வாடகை கட்ட முடியாது."

மேஜையிலிருந்த போனை எடுத்து, வார்டுக்குப் போட்டார். அவசரம் என்றால் மட்டும்தான் அங்கே கூப்பிடலாம் என்று மனைவி சொல்லி வைத்திருந்தார். யாரோ எடுத்தார்கள். அவர் மனைவியைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, ரிசீவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு நீண்ட நேரம் காத்திருந்தார். என் செய்தி இன்னும் போய்க்கொண்டிருந்தது.

"நான்தான். இல்ல இல்ல, ஒண்ணும் ஆகல. அந்த வேலைக்கு வர்றேன்னு சொல்லிடு... ஆமா... இல்ல, கோவமெல்லாம் இல்ல. ஆட்டம் நல்லாத்தான் இருந்துது. அது வேற, இது வேற... சரி, நீ போ. டிரிப்ஸைப் பாரு."

போனை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய் நின்றார். கீழே பசைக் கடையில் லாரியிலிருந்து டின்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் படியில் இரண்டு ஜோடிக் கால்களின் சத்தம். நாட்றம்பள்ளிப் பக்கத்து ஆட்கள், மாதத்துக்கு ஒரு முறை ஊருக்கு வரும்போது தலைகாட்டுகிறவர்கள்.

"பிரதர், மெஷின் இருக்குதா?"

"எல்லாமே இருக்குது. எது வேணும், பாத்து உக்காருங்க."

"எக்ஸ்ட்ரா வேணாம் பிரதர். பழசு போடுங்க."

அவர் ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, பழைய சுரங்கத்தைப் போட்டுக் கொடுத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். அவர்கள் வழக்கம்போல, ஒருவர் மவுஸுக்கும் ஒருவர் கீபோர்டுக்குமாக உட்கார்ந்தார்கள். நான் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். வந்துவிட்டது என்றார்கள்.